மணிக்கு ஒருமுறை ஓர் ஊரின் பெயர்: கே-லவ் வானொலி பிறந்து, வளர்ந்து, ஊரைவிட்டுப் போன கதை

வடக்கு கலிஃபோர்னியாவில் லேக் கவுண்டி என்ற மலைப்பகுதி இருக்கிறது. அதற்குள் மிடில்டவுன் என்று ஒரு சின்ன ஊர். குதிரை வண்டிகள் ஓடிய காலத்தில் கேலிஸ்டோகாவுக்கும் லோயர் லேக்குக்கும் நடுவழியில் இருந்ததால் வந்த பெயர். நம் பக்கமாக இருந்திருந்தால் நடுப்பட்டி என்று வைத்திருப்பார்கள். மக்கள்தொகை ஆயிரத்துச் சொச்சம்தான்.

அந்த ஊரின் பெயரில் ஒரு எஃப்.எம். லைசென்ஸ் உண்டு. எண் 91.9. அமெரிக்க விதிப்படி ஒவ்வொரு வானொலி நிலையமும் மணிக்கு ஒருமுறை தன் அழைப்பெழுத்துகளைச் சொல்ல வேண்டும், அதை ஒட்டியே தன் லைசென்ஸ் எந்த ஊருக்கு வழங்கப்பட்டதோ அந்த ஊரின் பெயரையும் சொல்ல வேண்டும். அதனால் ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள், "கே.எல்.வி.ஆர்., மிடில்டவுன்" என்று இரண்டு விநாடி கேட்கும். பாட்டு வருவதும், பேசுகிறவர் உட்கார்ந்திருப்பதும், ஜெபம் கேட்டு அழைப்பவருக்கு மறுமுனையில் பதில் சொல்வதும் வேறு ஊர்களிலிருந்து. மிடில்டவுனுக்கு மிஞ்சியிருப்பது அந்த இரண்டு விநாடிதான்.

இன்று கே-லவ் என்ற பெயரில் அமெரிக்கா முழுக்கக் கேட்கும் கிறிஸ்தவப் பாடல் வானொலியின் தொடக்கம் இந்த லைசென்ஸ்தான். ஒரு சிற்றூர் நிலையம் இவ்வளவு தூரம் எப்படிப் போனது, போகிற வழியில் எது கைநழுவியது என்பதைப் பார்க்கலாம். இது கெட்டவர்கள் செய்த கெட்ட வேலை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பாட்டின் மேலும் நேயர்கள் மேலும் உண்மையான அக்கறை உள்ளவர்கள் கட்டியது இது. அதனாலேயே இதைக் கவனமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

1982, சாண்டா ரோசா

வானொலித் துறையில் அனுபவமுள்ள பாப் ஆன்டனி ஃபோகல் என்பவர் 1982 அக்டோபரில் இந்த நிலையத்தை ஒலிபரப்புக்குக் கொண்டுவந்தார். அப்போது அதன் பெயர் கே.சி.எல்.பி. இயங்கியது மிடில்டவுனிலிருந்து பார்த்தால் மலைக்கு அந்தப் பக்கம், சொனோமா கவுண்டியின் தலைநகரான சாண்டா ரோசாவிலிருந்து. திராட்சைத் தோட்டங்கள் சூழ்ந்த ஊர் அது. பக்கத்து சான் பிரான்சிஸ்கோவோடு வைத்துப் பார்த்தால் சிறிய ஊர்தான்.

அந்த வருடம் முக்கியமானது. 1960களின் கடைசியில் கலிஃபோர்னியாவில் ஹிப்பி இளைஞர்கள் கூட்டம் கூட்டமாகச் சபைகளுக்கு வரத் தொடங்கினார்கள். தலைமுடியை வெட்டிக்கொள்ளாமல், கிட்டாரைக் கீழே வைக்காமல் வந்தார்கள். அவர்களை உள்ளே விடலாமா கூடாதா என்று பல சபைகள் தயங்கியபோது, கோஸ்டா மேசாவில் இருந்த கால்வரி சேப்பல் கதவைத் திறந்துவிட்டது. பாமாலையும் ஆர்கனும் மட்டுமே ஆலயப் பாட்டு என்றிருந்த வழக்கத்துக்குப் பக்கத்தில், டிரம்ஸும் எலெக்ட்ரிக் கிட்டாரும் வைத்த ஒரு புதுப் பாட்டு வளர்ந்தது. 1982-ல் எமி கிராண்ட் என்ற இளம் பாடகி வெளியிட்ட ஆல்பம் சில வருடங்களில் பத்து லட்சம் பிரதிகளைத் தொட்டு பிளாட்டினம் வாங்கியது. பாட்டு இருந்தது, வாங்குகிற கூட்டமும் இருந்தது. நாள் முழுக்க அதைப் போட வானொலிகள்தான் குறைவு.

ஏன் குறைவு? அன்றைய கிறிஸ்தவ வானொலியின் வருமானம் பெரும்பாலும் பிரசங்கத்திலிருந்து வந்தது. ஊழிய அமைப்புகள் அரை மணி நேரம், கால் மணி நேரம் என்று காசு கொடுத்து நேரம் வாங்கும். காலையில் ஒருவர், மத்தியானம் ஒருவர், இடையில் மிஞ்சிய நேரத்துக்குப் பாட்டு. இந்த முறையில் சின்ன ஊர் நிலையம் பிழைத்துக்கொள்ளும், ஆனால் கேட்கிறவருக்கு அடுத்து என்ன வரும் என்று பிடிபடாது. பாட்டுக்காக ரேடியோவைத் திருகியவர் பிரசங்கம் வந்ததும் வேறு ஸ்டேஷனுக்குப் போய்விடுவார்.

சாண்டா ரோசா நிலையம் இதற்கு எதிர்வழியில் போனது. நாள் முழுக்கப் பாட்டு, செலவுக்கு நேயர்களின் காணிக்கை. சொல்வதற்கு எளிது. ஒரு சிறு நகரத்தில் எத்தனை பேர் மாதாமாதம் பணம் அனுப்பிவிடுவார்கள்? இந்தக் கணக்குதான் பின்னால் நடந்த எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு போனது என்பது என் கணிப்பு. காணிக்கையில் ஓடும் நிலையத்துக்குக் கேட்கிறவர் எண்ணிக்கைதான் மூச்சு. நூறு பேர் கேட்டால் அதில் கொடுப்பவர் சிலர்தான். ஊர் சின்னது என்றால், ஊரைத் தாண்டித்தான் போக வேண்டும்.

91.9 என்ற எண்

இந்த எண்ணைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்கலாம்.

அமெரிக்காவில் எஃப்.எம். பட்டை 88-லிருந்து 108 மெகாஹெர்ட்ஸ் வரை. அதில் கீழ்ப்பகுதியான 88 முதல் 92 வரை கல்வி நோக்கமுள்ள, லாபமற்ற அமைப்புகளுக்கு மட்டும் என்று தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி. 1945-ல் ஒதுக்கிவைத்தது. 88.1, 88.3 என்று 0.2 இடைவெளியில் எண்ணிக்கொண்டே போனால் மொத்தம் 20 இடங்கள். கடைசி இடம் 91.9. ஒதுக்கப்பட்ட வரிசையின் வலது ஓரத்து நாற்காலி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு அடுத்த 92.1-லிருந்து வணிகம். காரில் எண்ணைத் திருகிக்கொண்டே வருகிறவருக்கு, வழக்கமான பாட்டு ஸ்டேஷன்களுக்குப் பக்கத்திலேயே இது மாட்டும். நிலையத்தை நடத்தும் அமைப்பின் பெயர் எஜுகேஷனல் மீடியா ஃபவுண்டேஷன். பெயரில் கல்வி என்ற சொல் இருப்பதைக் கவனியுங்கள். அந்தப் பட்டையில் லைசென்ஸ் கிடைப்பது அப்படிப்பட்ட அமைப்புகளுக்குத்தான்.

இந்தப் பட்டையில் இருப்பவர்களுக்குக் கட்டுப்பாடும் உண்டு, சலுகையும் உண்டு. விளம்பரம் போடக் கூடாது. உதவிய கடையின் பெயரைச் சொல்லி நன்றி கூறலாம். விலை சொல்லவோ, "இன்றே வாங்குங்கள்" என்று அழைக்கவோ கூடாது. சலுகை என்னவென்றால், ஒரே அமைப்பு எத்தனை நிலையங்கள் வைத்திருக்கலாம் என்ற உச்சவரம்பு இவர்களுக்குக் கிடையாது. வணிக நிலையங்களுக்கு அப்போது நாடு முழுக்க எத்தனை, ஓர் ஊரில் எத்தனை என்று கணக்கு இருந்தது. நாடு முழுக்கவான வரம்பை 1996 சட்டம் எடுத்துவிட்டது, ஊர்க்கணக்கு இன்றும் இருக்கிறது. லாபமற்ற நிலையங்களை இந்தக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. ஒரு பல்கலைக்கழகமோ பள்ளிக்கூடமோ போய் இருநூறு நிலையம் வாங்கப்போகிறதா என்று அன்று நினைத்திருக்கலாம்.

மலைமேல் ஒரு தகரக் கொட்டகை

1980களின் பிற்பாதியில் டிக் ஜென்கின்ஸ் என்பவர் பொறுப்புக்கு வந்தார். 1988-ல் நிலையம் கே-லவ் ஆனது. அமெரிக்காவில் மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே இருக்கும் நிலையங்களின் அழைப்பெழுத்து பெரும்பாலும் 'கே'-யில் தொடங்கும் என்பதால் பெயர் அழகாகப் பொருந்தியது. கே.எல்.வி.ஆர். என்ற எழுத்துகளும் அந்தப் பெயரை ஒட்டியவைதான்.

அதே 1988-ல் எஃப்.சி.சி. ஒரு விதியை மாற்றியது. அன்று யாரும் பெரிதாகப் பேசாத விதி. அது புரிய வேண்டுமென்றால் டிரான்ஸ்லேட்டர் என்ற சின்னக் கருவி என்னவென்று தெரிய வேண்டும்.

எஃப்.எம். அலை நேர்கோட்டில் போகும். நடுவில் மலை வந்தால் மலைக்கு அந்தப் பக்கம் நிழல். அங்கே பாட்டு கேட்காது. அந்த நிழலுக்கு வெளிச்சம் கொடுக்க, மலையுச்சியில் ஒரு சிறு நிலையம் வைப்பார்கள். ஒரு தகரக் கொட்டகை, அதற்குள் இடுப்பளவு உயரத்துக்கு ஒரு பெட்டி, வெளியே கம்பத்தில் இரண்டு ஆன்டெனா. ஒன்று தாய் நிலையத்தின் ஒலிபரப்பைப் பிடிக்கும், இன்னொன்று அதையே வேறு எண்ணில் பள்ளத்தாக்குக்குள் விடும். பத்து வாட் சக்தியே பல இடங்களில் போதும். வீட்டில் ராத்திரி எரியும் சின்ன பல்பு எடுக்கிற மின்சாரம்தான். உயரம் இருந்தால் அந்தப் பத்து வாட்டிலேயே ஒரு முழுப் பள்ளத்தாக்கும் கேட்கும். ஆள் வேண்டாம். கரண்ட் பில்லும் மலைக்கு வாடகையும் கட்டினால் போதும்.

இப்படி ஒரு நிலையம் தாயின் ஒலிபரப்பைக் காற்றிலிருந்தே பிடிக்க வேண்டும் என்பது பழைய விதி. அதாவது தாய்க்குக் கூப்பிடு தூரத்தில்தான் பிள்ளை இருக்க முடியும். 1988-ல் வந்த மாற்றத்தின்படி, ஒதுக்கப்பட்ட பட்டையில் இருக்கும் லாபமற்ற நிலையங்கள் தங்கள் சொந்த டிரான்ஸ்லேட்டர்களுக்குச் சாட்டிலைட் மூலமாகவே பாட்டை அனுப்பலாம். கம்பத்தில் இருந்த ஒரு ஆன்டெனா போய், தெற்கு வானத்தைப் பார்த்து ஒரு டிஷ் வந்தது. அவ்வளவுதான். இனி தாயும் பிள்ளையும் இரண்டாயிரம் மைல் தள்ளி இருக்கலாம்.

கே-லவ் இதைப் பிடித்துக்கொண்டது. முதலில் வடக்கு கலிஃபோர்னியாவின் பள்ளத்தாக்குகள், பிறகு பக்கத்து மாநிலங்கள், பிறகு நாடு. டிரான்ஸ்லேட்டர் வைத்த ஊரில் நேயர் கூடக் கூடக் காணிக்கை வந்தது. காணிக்கை வந்ததும் அடுத்த ஊரில் டிரான்ஸ்லேட்டர். சில ஊர்களில் முழு நிலையமே வாங்கினார்கள். சாண்டா ரோசாவிலிருந்து அலுவலகம் சாக்ரமெண்டோவுக்குப் போய், 2002-ல் அதன் புறநகரான ராக்லினுக்குப் போய், அண்மை வருடங்களில் டென்னசி மாநிலத்தின் ஃபிராங்க்ளினுக்குப் போய்விட்டது. கிறிஸ்தவப் பாடல் தொழிலின் தலைநகரமான நாஷ்வில்லுக்குப் பக்கம் அது. இடையில் ஏர்1 என்ற இன்னொரு நெட்வொர்க்கும் இதே அமைப்பின் கீழ் வந்தது. 2019-ன் தொடக்கத்தில் அது ஆராதனைப் பாடல்களுக்கு மட்டும் என்று மாறியது. இரண்டையும், பெரிய நிலையங்கள் சிறு டிரான்ஸ்லேட்டர்கள் எல்லாவற்றையும் சேர்த்தால் ஒலிபரப்பிடங்கள் ஆயிரத்தைத் தாண்டும்.

பெருநகரங்களில் வாங்கியவற்றின் விலையைப் பாருங்கள். 2017-ல் லாஸ் ஏஞ்சல்ஸின் 100.3-க்கு 5.775 கோடி டாலர். 2018-ல் சிகாகோவில் தலைமுறைகள் ராக் பாட்டு கேட்டு வளர்ந்த 97.9-க்கு 2.15 கோடி டாலர். 2019-ல் நியூயார்க்கின் 95.5-ஐயும் வேறு நகரங்களின் ஐந்து நிலையங்களையும் சேர்த்து 10.35 கோடி டாலர். சாண்டா ரோசாவில் தொடங்கிய நிலையத்தின் நேயர்கள் மாதம் பத்து, இருபது, நாற்பது டாலராக அனுப்பிய பணத்தின் பலம் அது.

கேட்டவர்களுக்கு என்ன கிடைத்தது

இதை அவசரமாகத் தாண்டிப் போகக் கூடாது. ஏதோ ஒரு சமவெளியில், ஒரு மணி நேரம் கார் ஓட்டினால்தான் பெரிய கடை வரும் என்ற ஊரில் ஒரு தாய் பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டுபோகிறாள். வண்டியில் எந்த ஸ்டேஷனைப் போட்டாலும் பிள்ளைகள் காதில் விழக் கூடாத பேச்சு வந்துவிடுமோ என்று பயம். 'நல்லதும் ஊக்கமும்' என்ற பொருளில் கே-லவ் தன்னைச் சொல்லிக்கொள்ளும் வாசகம் அவளை நினைத்து எழுதியது. கிறிஸ்தவப் பாடல் வானொலித் துறையில் அந்தத் தாய்க்கு ஒரு பெயரே உண்டு: பெக்கி. எந்தப் பாட்டைச் சேர்ப்பது, எதை விடுவது என்று முடிவெடுக்கும்போது, "பெக்கிக்குப் பிடிக்குமா?" என்று கேட்டுக்கொள்வார்கள்.

அப்புறம் ஜெபம். நேயர்கள் போன் செய்தால் பேசி ஜெபிக்கப் போதகர்களையே வேலைக்கு வைத்திருக்கிறது இந்த நிலையம். உள்ளூர்ச் சபைக்குப் போய்ச் சொல்ல வெட்கப்படும் விஷயத்தைத் தொலைவில் இருக்கும் முகம் தெரியாத ஒருவரிடம் சொல்லிவிட முடிகிறது. ஒரு சிற்றூர் நிலையத்தால் இந்த ஏற்பாட்டைச் செய்யவே முடியாது. ஒலித்தரமும் அப்படித்தான். சின்ன ஊரில் பழைய கருவியோடு, சம்பளமில்லாத தன்னார்வலர்களை வைத்து ஓடிய எத்தனையோ கிறிஸ்தவ நிலையங்களைவிட இது நன்றாகவே கேட்கும்.

குறையும் இருக்கிறது, அது பாட்டிலேயே இருக்கிறது. நாடு முழுக்க ஒரே பெக்கிக்காகப் பாட்டைத் தேர்ந்தெடுத்தால், எல்லா ஊரிலும் ஒரே பாட்டு. ஓர் ஊர்க் கறுப்பினச் சபையின் காஸ்பல் பாடகர் குழு, அடுத்த ஊர் மெக்சிகோக்காரர்களின் ஸ்பானிஷ் துதிப்பாட்டு, மலைக்கிராமத்து நாலுகுரல் பாட்டு, இவையெல்லாம் உள்ளூர் நிலையத்தின் ஞாயிறு காலையில் இடம்பிடிக்கும். சாட்டிலைட்டில் வரும் பாட்டுப் பட்டியலில் அவற்றுக்கு வழியில்லை. கிறிஸ்தவப் பாட்டு என்றால் எவ்வளவு விதம் இருக்கிறது என்பதே ஒரு தலைமுறைக்குத் தெரியாமல் போகும். பாட்டை நேசிக்கிற எவருக்கும் இது வலிக்க வேண்டும்.

தீ வந்த இரண்டு முறை

இந்த நிலையத்தின் கதையில் மிடில்டவுனும் சாண்டா ரோசாவும் முக்கியமான ஊர்கள். இரண்டு வருட இடைவெளியில் இரண்டையும் காட்டுத்தீ தாக்கியது.

2015 செப்டம்பர் 12, சனிக்கிழமை. காப் மலையில் மதியம் பிடித்த தீ அன்று மாலைக்குள் மிடில்டவுனுக்குள் வந்துவிட்டது. அணைப்பதற்குள் 76,000 ஏக்கர் போயிற்று. 1,900-க்கு மேற்பட்ட கட்டடங்கள் சாம்பல். நான்கு பேர் இறந்தார்கள்.

2017 அக்டோபர் 8, ஞாயிற்றுக்கிழமை இரவு. கேலிஸ்டோகா அருகே பிடித்த டப்ஸ் தீ பேய்க்காற்றில் மலையேறி இறங்கி, விடிவதற்குள் ஆறு வழி நெடுஞ்சாலையைத் தாண்டி சாண்டா ரோசாவின் காஃபி பார்க் குடியிருப்பைப் பிடித்தது. 22 பேர் இறந்தார்கள். 5,600-க்கு மேற்பட்ட கட்டடங்கள் எரிந்தன. அந்த வட்டாரத் தீகளில் 77 செல்போன் டவர் இடங்கள் சேதமானதால் போன் பல இடங்களில் செத்துவிட்டது. கவுண்டி அதிகாரிகள் எல்லா செல்போனுக்கும் ஒரேயடியாகப் போகும் அவசர எச்சரிக்கையை அனுப்ப வேண்டாம் என்று முடிவெடுத்திருந்தார்கள். ஆபத்தில்லாத இடங்களிலும் பீதி கிளம்பி ரோடு அடைத்துக்கொள்ளும் என்பது அவர்கள் பயம்.

சரி, அப்படியென்றால் ஜனங்களுக்கு எது வழி காட்டியது? 1937-லிருந்து சாண்டா ரோசாவில் இருக்கும் கே.எஸ்.ஆர்.ஓ. என்ற ஏ.எம். நிலையம் தன் வழக்கமான நிகழ்ச்சிகளை நிறுத்திவிட்டு இரவும் பகலும் தீயைப் பற்றி மட்டும் பேசியது. எந்தத் தெரு அடைபட்டிருக்கிறது, எந்தப் பள்ளியில் தங்கலாம், யார் வீட்டுப் பக்கம் புகை தெரிகிறது என்று கேட்டவர்களே அழைத்துச் சொன்னார்கள். அந்தத் தெருப்பெயர்கள் தெரிந்தவர்கள் மைக்குக்கு முன்னால் இருந்தார்கள்.

பொதுவாக நிலையங்களில் அவசர எச்சரிக்கைப் பெட்டி ஒன்று இருக்கும், ஆள் இல்லாத நிலையத்திலும்கூட. ஆனால் அந்தப் பெட்டி அதிகாரிகள் அனுப்பியதைத் திருப்பிச் சொல்லும், அவ்வளவுதான். அனுப்பவில்லை என்றால் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். ஜன்னலைத் திறந்து புகை வாசனை வருகிறதே என்று அதற்குத் தெரியாது. இந்த ஆய்வில் நான் சொல்ல வந்தது இதைத்தான். கே-லவ் யாருக்கும் தீங்கு நினைக்கவில்லை. 1982-ல் தொடங்கிய இடத்திலேயே அது சின்னதாக இருந்திருந்தால் அந்த இரவில் இன்னொரு மைக்கும் திறந்திருக்கும், போன் எடுக்க இன்னும் நான்கு பேர் இருந்திருப்பார்கள். அவர்கள் அந்த ஊரின் சபைகளைத் தெரிந்தவர்கள். எந்த ஆலயத்துக் கூடத்தில் எத்தனை பேர் படுக்கலாம் என்பதும் தெரிந்தவர்கள்.

சாண்டா ரோசாவில் தீ பிடித்துப் பதினாறு நாள் கழித்து, 2017 அக்டோபர் 24 அன்று, எஃப்.சி.சி. ஒரு பழைய விதியை மூன்றுக்கு இரண்டு என்ற வாக்கில் ரத்து செய்தது. ஒவ்வொரு நிலையமும் தன் லைசென்ஸ் ஊரிலோ பக்கத்திலோ ஒரு ஸ்டூடியோ வைத்திருக்க வேண்டும் என்று ஏறத்தாழ எண்பது வருடமாக இருந்த விதி அது. சாட்டிலைட்டில் ஓடும் லாபமற்ற நிலையங்கள் முன்பே விலக்கு வாங்கிக்கொள்ள முடிந்தது. இப்போது விலக்கு கேட்கவே தேவையில்லை. இணையம் வந்த காலத்தில் நேயர் யாரும் ஸ்டூடியோவுக்கு நேரில் வருவதில்லை, செலவு மிச்சம் என்று வாதம் சொன்னார்கள். வாதத்தில் பொய் இல்லை. ஆனால் ஸ்டூடியோ என்றால் நேயர் வந்து பார்க்கும் அறை மட்டும்தானா? அங்கே வேலை செய்கிறவர் அந்த ஊரில் குடியிருக்கிறார், அந்த ஊர்க் காற்றை மூச்சு விடுகிறார். எனக்கு அதுதான் பெரிது.

இனி தொடங்குபவர்களுக்கு

இன்றைக்கு ஒரு சிற்றூர்ச் சபை தன் ஊருக்கென்று ஒரு பாட்டு நிலையம் தொடங்க நினைத்தால் 1982-ஐவிடக் கஷ்டம். நல்ல எண்கள் போய்விட்டன. 2003-ல் டிரான்ஸ்லேட்டருக்கு விண்ணப்பிக்கலாம் என்று எஃப்.சி.சி. கதவைத் திறந்தபோது 13,000 விண்ணப்பங்கள் குவிந்தன. அந்தக் குவியல்தான் உள்ளூர்ச் சிறு நிலையங்களுக்குக் கிடைத்திருக்க வேண்டிய எண்களைப் பல வருடம் அடைத்துக்கொண்டு நின்றது.

வழி முழுதாக மூடவில்லை. குறைந்த சக்தி எஃப்.எம். என்ற வகையை 2000-ல் தொடங்கினார்கள். 2011 ஜனவரியில் கையெழுத்தான சட்டம் அதற்கு இன்னும் கொஞ்சம் இடம் கொடுத்தது. அதிகபட்சம் 100 வாட், சுற்றிலும் சுமார் ஐந்தரை கிலோமீட்டர். கடைசியாக 2023 டிசம்பரில் ஒன்றரை வாரம் விண்ணப்பம் வாங்கினார்கள். ஒரே எண்ணுக்குப் பலர் போட்டியிட்டால் புள்ளிக் கணக்கு உண்டு. தினமும் குறைந்தது எட்டு மணி நேரம் அந்த ஊரிலேயே தயாரித்த நிகழ்ச்சி தருவேன் என்று உறுதி கொடுப்பவருக்கு அதில் ஒரு புள்ளி கூடுதல்.

அந்த எட்டு மணி நேரத்துக்கு என்ன வேண்டும் என்று கணக்குப் போட்டால் மலைக்க வேண்டியதில்லை. ஞாயிறு ஆராதனையின் பதிவு, பக்கத்துச் சபைப் பாடகர் குழுவின் பயிற்சி, பள்ளிப் பிள்ளைகளின் கிறிஸ்துமஸ் பாட்டு, காலையில் வானிலையும் சாவு அறிவிப்பும் வாசிக்க ஒருவர், சாயங்காலம் இன்னொருவர். ஐந்தரை கிலோமீட்டர் என்றால் மிடில்டவுன் மாதிரி ஒரு ஊர் முழுக்க அதற்குள் அடங்கிவிடும்.